மூன்று ஸ்பீக்கரில் ஸ்டீரியோ இசை: நடுவில் இருப்பதற்கு எதை அனுப்புவது?

கேள்வி இதுதான். வீட்டில் ஒரு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையரும் இரண்டு சிறிய ஸ்பீக்கர்களும் இருக்கின்றன. அதே மாடலில் மூன்றாவது ஒன்று தனியாகக் கிடைத்திருக்கிறது. அதை நடுவில் வைத்து, சாதாரண இரண்டு சேனல் பாட்டுகளை மூன்று ஸ்பீக்கரிலும் கேட்க முடியுமா, அதில் உண்மையான பயன் உண்டா, எப்படி இணைப்பது?

முடியும், பயனும் உண்டு. ஆனால் அந்தப் பயன் மூன்றாவது ஸ்பீக்கரை வைத்த உடனே வந்துவிடாது. நடு ஸ்பீக்கருக்கு என்ன சிக்னலை அனுப்புகிறோம், அதை அனுப்பியபின் பக்கத்து ஸ்பீக்கர்களில் எதைக் குறைக்கிறோம், அவற்றை எவ்வளவு விலக்கி வைக்கிறோம் என்ற மூன்றும் சேர்ந்துதான் முடிவைத் தீர்மானிக்கின்றன. பலர் இடதையும் வலதையும் கூட்டி நடுவுக்குக் கொடுத்துவிட்டு, மேடை, அதாவது வாத்தியங்கள் பரவி நிற்பதாகக் காதுக்குத் தோன்றும் அகலம், சுருங்கிப்போனதைக் கேட்டு, "மூன்று ஸ்பீக்கர் வீண்" என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். தவறு ஸ்பீக்கரின் எண்ணிக்கையில் இல்லை, பங்கீட்டில் இருக்கிறது.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை விலக்கிவிடுகிறேன். ஸ்டீரியோ என்றால் இரண்டு என்று பொருளில்லை; திடமான, கன அளவுள்ள என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது அது. அமெரிக்காவில் பெல் ஆய்வகம் இந்தத் துறையில் பெரிய அளவில் செய்துகாட்டிய முதல் சோதனையே மூன்று சேனலில்தான் நடந்தது. 1933 ஏப்ரல் 27 அன்று பிலடெல்பியா இசைக்குழு தன் ஊரின் அகாடமி ஆஃப் மியூசிக் அரங்கில் வாசிக்க, மேடையில் வைத்த மூன்று மைக்ரோஃபோன்களின் சிக்னல்கள் மூன்று தொலைபேசித் தடங்கள் வழியாக வாஷிங்டனுக்குப் போய், கான்ஸ்டிடியூஷன் ஹால் மேடையில் மூன்று ஸ்பீக்கர்களில் ஒலித்தன. குழுவின் நடத்துநர் ஸ்டோகோவ்ஸ்கி வாஷிங்டனில் அமர்ந்து கட்டுப்பாட்டுக் குமிழ்களைக் கையாண்டார்; பிலடெல்பியாவில் அலெக்சாண்டர் ஸ்மாலென்ஸ் குழுவை நடத்தினார். ஹார்வி ஃப்ளெட்சரின் தலைமையில் நடந்த அந்த ஆராய்ச்சியில், ஸ்டைன்பெர்க், ஸ்னோ என்ற இருவர் இரண்டு சேனலையும் மூன்று சேனலையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டு சேனலைக் கூட்டி அதை நடுவில் மூன்றாவது ஸ்பீக்கருக்குக் கொடுத்தால் என்ன ஆகிறது என்பதையும் சோதித்தார்கள். அதாவது உங்கள் கேள்விக்கு ஏறத்தாழ தொண்ணூறு வயது.

அப்படியானால் நம் வீடுகளுக்கு இரண்டு மட்டும் எப்படி வந்தன? இங்கிலாந்தில் ஆலன் ப்ளம்லைன் என்ற பொறியாளர் 1931இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த முறை இரண்டு சேனலை அடிப்படையாகக் கொண்டது. அதைவிட முக்கியமான காரணம் இசைத்தட்டு. 1957, 1958 வாக்கில் ஸ்டீரியோ எல்பி சந்தைக்கு வந்தபோது, ஒரே பள்ளத்தின் இரண்டு சுவர்களில் இரண்டு சிக்னல்களை வெட்ட முடிந்தது. மூன்றாவதற்குச் சுவர் இல்லை. அந்தக் காலத்தில் ஸ்டுடியோக்கள் மூன்று தட டேப்பில் பதிவு செய்துகொண்டிருந்தன. மெர்க்குரி என்ற இசைத்தட்டு நிறுவனம் 1955இலிருந்து மூன்று மைக்ரோஃபோன்களை வைத்து அரை அங்குல டேப்பில் மூன்று தடமாகப் பதிந்து, பின்னர் இரண்டாகக் கலந்துதான் தட்டு வெளியிட்டது. திரையரங்கிலோ 1953இன் சினிமாஸ்கோப்பிலிருந்தே திரைக்குப் பின்னால் இடம், நடு, வலம் என்று மூன்று ஸ்பீக்கர்கள் நிற்கின்றன. ஆக, இரண்டு என்பது தட்டின் பள்ளம் விதித்த வரம்பு. காது அப்படி ஒரு வரம்பைக் கேட்கவில்லை.

இனி, இரண்டு ஸ்பீக்கரில் என்ன குறை என்பதைப் பார்ப்போம். பாடகரின் குரல் நடுவிலிருந்து வருவதுபோல் கேட்பது ஒரு தோற்றம். இரண்டு ஸ்பீக்கரும் ஒரே குரலை ஒரே அளவில் ஒலிக்க, மூளை அதை நடுவில் வைத்துக்கொள்கிறது. இதை மாய மையம் என்று சொல்லலாம். இதில் இரண்டு பலவீனங்கள் உள்ளன.

ஒன்று, இடம் சம்பந்தப்பட்டது. ஸ்பீக்கர்கள் உங்களுக்கு 3 மீட்டர் தொலைவில், இருபுறமும் 30 பாகையில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். சோஃபாவில் அரை மீட்டர் வலப்புறம் நகர்ந்து உட்கார்ந்தால், வல ஸ்பீக்கர் இடதைவிட ஏறத்தாழ 49 சென்டிமீட்டர் அருகில் வந்துவிடும். அதன் ஒலி சுமார் 1.4 மில்லி நொடி முந்தி வரும். முந்தி வரும் ஒலியின் திசையைத்தான் காது நம்பும். குரல் நடுவை விட்டு வல ஸ்பீக்கரில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒருவர் மட்டும் நடுநாற்காலியில் அசையாமல் கேட்கும்வரை இது தெரியாது; வீட்டில் மூன்று பேர் சேர்ந்து உட்கார்ந்தால் இருவருக்கு மேடை சாய்ந்துவிடும்.

மற்றொன்று, குரலின் நிறம் சம்பந்தப்பட்டது. சரியான இடத்தில் உட்கார்ந்தாலும் இது தப்பாது. இட ஸ்பீக்கரின் ஒலி இடக்காதுக்கு மட்டுமல்ல, தலையைச் சுற்றிக்கொண்டு கால் மில்லி நொடி தாமதமாக வலக்காதுக்கும் போகிறது. வல ஸ்பீக்கரின் ஒலியும் அப்படியே இடக்காதுக்கு வருகிறது. ஒரே குரலின் இரண்டு பிரதிகள் கால் மில்லி நொடி இடைவெளியில் ஒரு காதில் சேரும்போது, ஏறத்தாழ 2 கிலோஹெர்ட்ஸ் பகுதியில் ஒன்றையொன்று ஓரளவு அழிக்கின்றன. குரலின் தெளிவும் மெய்யெழுத்துகளின் கூர்மையும் வாழும் பகுதி அது. நடுவில் ஒரு நிஜ ஸ்பீக்கர் இருந்தால் இரண்டு காதுக்கும் அதன் ஒலி ஒரே நேரத்தில் போகும். இந்தப் பள்ளம் உண்டாகாது.

இதை நம்புவதற்கு என் சொல் தேவையில்லை. பிங்க் நாய்ஸ் எனப்படும் சீரான இரைச்சலை மோனோவில் (ஒரே சிக்னலாக) இரண்டு ஸ்பீக்கரிலும் ஒலிக்கவிட்டு, நடுவில் அமர்ந்து, தலையை இடமும் வலமுமாக ஐந்து சென்டிமீட்டர் மெதுவாக அசைத்துப் பாருங்கள். "ஷ்ஷ்" என்ற இரைச்சல், யாரோ குழாய்க்குள் புகுந்து வெளியே வருவதுபோல் நிறம் மாறும். பிறகு இரண்டையும் நிறுத்தி, நடு ஸ்பீக்கரில் மட்டும் அதே இரைச்சலை ஒலிக்கவிட்டு அசைத்துப் பாருங்கள். ஒன்றும் மாறாது. முதன்முறை இதைக் கேட்டபோது, இத்தனை ஆண்டுகளாக எந்தக் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்ற கேள்வி எனக்குள் எழுந்தது. அன்றிலிருந்துதான் இந்த விஷயத்தில் என் ஈடுபாடு தொடங்கியது.

சரி, நடுவுக்கு எதை அனுப்புவது? எளிய வழி, இடது வலது இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி அனுப்புவது. பக்க ஸ்பீக்கர்களை அப்படியே விட்டுவிடுவது. விளைவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். முழுவதும் இடப்புறத்தில் மட்டும் பதிவான ஒரு கிதாரை எடுத்துக்கொள்ளுங்கள். இட ஸ்பீக்கரில் அது 1 என்ற அளவில் ஒலித்தால், நடுவிலும் 0.5 அளவில் ஒலிக்கும். முன்பு 30 பாகையில் நின்ற கிதார் இப்போது சுமார் 20 பாகைக்கு உள்ளே வந்துவிடும். வலப்புறமும் அப்படியே. அறுபது பாகை அகலமாக இருந்த மேடை நாற்பதுக்குச் சுருங்குகிறது. "குரல் நன்றாக இருக்கிறது, ஆனால் எல்லாம் நடுவில் குவிந்துவிட்டது" என்று பலரும் சொல்வதன் காரணம் இதுதான்.

இதற்கு ஒரு நேர்த்தியான பரிகாரம் உண்டு. அதே கூட்டலை வைத்துக்கொண்டு, பக்க ஸ்பீக்கர்களை 30 பாகையிலிருந்து 45 பாகைக்கு விலக்குங்கள். இப்போது கிதாரின் இடம் எங்கே வருகிறது என்று கணக்கிட்டால், ஏறத்தாழ 30 பாகை என்றே வரும். அதாவது மேடை பழைய அகலத்துக்குத் திரும்பிவிடுகிறது. நடுவில் ஒரு நிஜ ஸ்பீக்கரும் நிற்கிறது. அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் ஹோப் என்ற சிற்றூரில் ஸ்பீக்கர் செய்த பால் கிளிப்ஷ் பின்பற்றிய வழி இதுதான். அவருடைய பெரிய ஹார்ன் ஸ்பீக்கர் அறையின் மூலையில் மட்டுமே சரியாக வேலை செய்யும். இரண்டை வைத்தால் அவை அறையின் இரு மூலைகளுக்குப் போய்விடும். நடுவில் ஓட்டை விழும். அந்த ஓட்டையை நிரப்பவே 1957இல் ஹெரெஸி என்ற சிறிய ஸ்பீக்கரை, நடு ஸ்பீக்கராக, அவர் கொண்டுவந்தார். இரண்டை அகலமாக விலக்கி வைக்கத் துணிந்தவருக்கு மூன்றாவது தேவைப்பட்டது. நாமோ பெரும்பாலும் இந்த வரிசையைத் தலைகீழாக்கி, விலக்காமலேயே மூன்றாவதை நடுவில் செருகுகிறோம்.

இடமில்லாதவர்களுக்கும், இன்னும் துல்லியம் வேண்டுபவர்களுக்கும் மற்றொரு வழி இருக்கிறது. இங்கிலாந்துக் கணிதவியலாளர் மைக்கேல் ஜெர்ஸன் 1992இல் வெளியிட்ட கட்டுரையில், ஒலியின் மொத்த ஆற்றல் கூடாமலும் குறையாமலும் இரண்டு சேனலை மூன்று ஸ்பீக்கருக்குப் பங்கிடும் முறையைத் தந்தார். ஒலிக்கருவிகள் செய்யும் மெரிடியன் நிறுவனத்தின் ட்ரைஃபீல்ட் என்ற வசதி அவருடைய இந்த வேலையிலிருந்து வந்ததுதான். அதன் ஒரு வடிவம் இப்படி இருக்கும்: நடு ஸ்பீக்கருக்கு இடது, வலது இரண்டிலிருந்தும் 0.5774 மடங்கு. இட ஸ்பீக்கருக்கு இடதில் 0.7887 மடங்கு, அதிலிருந்து வலதில் 0.2113 மடங்கைக் கழிக்க வேண்டும். வல ஸ்பீக்கருக்கு அதற்கு நேர்மாறு.

கழித்தல்தான் இதில் உயிர். பாடகரின் குரல் இரண்டு சேனலிலும் சமமாக இருப்பதால், கழிக்கும்போது பக்க ஸ்பீக்கர்களில் அது குறைந்து, பெரும்பகுதி நடுவுக்குப் போகிறது. அதன் ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்கு நடுவிலும் ஆறில் ஒரு பங்கு ஒவ்வொரு பக்கத்திலும் ஒலிக்கும். இடப்புறக் கிதாரோ 62 விழுக்காடு ஆற்றலுடன் இடதிலும், 33 விழுக்காட்டுடன் நடுவிலும், 4 விழுக்காட்டுக்குச் சற்று மேலாக, தலைகீழான பேஸில் (phase; அலையின் மேடும் பள்ளமும் இடம் மாறியபடி), வலதிலும் ஒலிக்கிறது. அந்தச் சிறு தலைகீழ் ஒலி கிதாரை நடுவிலிருந்து திரும்ப வெளிப்பக்கமாக இழுத்துப் பிடிக்கிறது. மூன்றையும் கூட்டினால் நூறு. எந்த வாத்தியமும் சத்தம் கூடி முன்னே வராது, குறைந்து பின்னே போகாது. ஜெர்ஸன் இன்னும் ஒருபடி போய், ஏறத்தாழ 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே நடு ஸ்பீக்கரின் பங்கைக் குறைத்து மூன்றுக்கும் சமமாக்கச் சொன்னார். அந்த நிலையில் எண்கள் 0.408, 0.908, 0.092 என்று மாறும். தொடக்கத்தில் முதல் தொகுப்பை மட்டும் எல்லா அதிர்வெண்ணுக்கும் வைத்துக் கேளுங்கள். அதுவே போதிய அளவு நன்றாக இருக்கும்.

நடைமுறையில் இதைச் செய்ய என்னென்ன வழிகள்? உங்களிடம் ஏவி ரிசீவர் (ஹோம் தியேட்டருக்கான பல சேனல் ஆம்ப்ளிஃபையர்) இருந்தால் வேலை மிகவும் சுலபம். பின்பக்க ஸ்பீக்கர் இல்லை, நடு ஸ்பீக்கர் உண்டு என்று அமைப்பில் குறித்துவிட்டு, இரண்டு சேனலைப் பல ஸ்பீக்கருக்குப் பிரிக்கும் டால்பி ப்ரோ லாஜிக் 2 இருந்தால் அதன் மியூசிக் முறையைத் தேர்ந்தெடுங்கள். அதில் சென்டர் விட்த் என்று 0 முதல் 7 வரை ஓர் அளவு இருக்கும். 0இல் வைத்தால் நடு ஒலி முழுவதும் நடு ஸ்பீக்கருக்குப் போகும். 7இல் வைத்தால் நடு ஸ்பீக்கர் ஓய்ந்து பழைய மாய மையமே வரும். 3 அல்லது 4இல் வைத்துக் கேட்டால் இசைக்குப் பொருந்தும். புதிய ரிசீவர்களில் டால்பி சரவுண்ட் என்ற பெயரில் வரும் முறையில் சென்டர் ஸ்ப்ரெட் என்ற வசதி இருந்தால் அதை இயக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் பாடகர் நடுப் பெட்டிக்குள் சிறைப்பட்டதுபோல் கேட்கும். இந்த முறைகளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஒலி எந்தப் பக்கம் ஓங்கியிருக்கிறது என்று கணத்துக்குக் கணம் பார்த்து இவை பங்கீட்டை மாற்றிக்கொண்டே இருக்கும். திரைப்பட வசனத்துக்கு அது நல்லது. மிருதங்கமும் வயலினும் குரலும் ஒன்றன்மேல் ஒன்றாக வரும் கச்சேரிப் பதிவில், வாத்தியங்கள் லேசாக இடம் பெயர்வது கூர்ந்து கேட்பவருக்குத் தெரிந்துவிடும். ஜெர்ஸனின் பங்கீடு நிலையானது. அதில் எதுவும் நகராது. ஆகையால் இசைக்கு நான் அதையே விரும்புகிறேன்.

கணினியிலிருந்தோ ராஸ்பெரி பை போன்ற சிறு கணினியிலிருந்தோ பாட்டுக் கேட்பவர்கள், விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ, லினக்ஸில் கமில்லா டிஎஸ்பி ஆகிய இலவச மென்பொருள்களைக் கொண்டு மேற்கண்ட எண்களை அப்படியே எழுதிக்கொள்ளலாம். டெசிபெல்லில் கேட்கும் இடங்களில் 0.7887 என்பது கழித்தல் 2.06, 0.5774 என்பது கழித்தல் 4.77, 0.2113 என்பது கழித்தல் 13.5. கடைசி எண்ணுக்கு மட்டும் பேஸைத் தலைகீழாக்க மறக்காதீர்கள். பல சேனல் ஒலியை எச்டிஎம்ஐ வழியாக ரிசீவருக்கு அனுப்பினால் மூன்று ஆம்ப்ளிஃபையர் சேனலும் அங்கேயே கிடைத்துவிடும். அப்போது ரிசீவர் தன் பங்குக்கு எந்தச் சரவுண்ட் முறையையும் சேர்க்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

ரிசீவரோ கணினியோ இல்லாதவர்கள், நடுவுக்கு ஒரு தனி மோனோ ஆம்ப்ளிஃபையர் வைத்து எளிய கூட்டல் முறையைப் பின்பற்றலாம். ஆம்ப்ளிஃபையரின் ப்ரீ அவுட்டிலிருந்து (வால்யூமுக்குப் பின், பவர் பகுதிக்கு முன் சிக்னலை வெளியே எடுக்கும் முனை) இடது வலது சிக்னல்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் தொடராக 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வைத்து, அவற்றின் மறுமுனைகளைச் சேர்த்து மோனோ ஆம்ப்ளிஃபையருக்குக் கொடுங்கள். ரெசிஸ்டர் இல்லாத வெறும் ஒய் கேபிளால் சேர்க்கவே கூடாது. அப்படிச் செய்தால் இரண்டு வெளியீடுகளும் நேருக்கு நேர் மோதிக்கொள்ளும். பக்க ஸ்பீக்கர்களிலும் ஸ்டீரியோ போய் மோனோவாகிவிடும்.

இருக்கிற ஒரே ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையரில் மூன்று ஸ்பீக்கரையும் வயர் இணைப்பாலேயே ஓட்ட முடியுமா என்பதும் அடிக்கடி வரும் கேள்வி. முடியும், ஆனால் எல்லா ஆம்ப்ளிஃபையரிலும் முடியாது. பழைய முறை இது: இட ஸ்பீக்கரின் பிளஸ் முனை ஆம்ப்ளிஃபையரின் இடது சிவப்புக்கும், வல ஸ்பீக்கரின் பிளஸ் முனை வலது சிவப்புக்கும் போகும். இரண்டு ஸ்பீக்கரின் மைனஸ் முனைகளையும் ஆம்ப்ளிஃபையருக்குக் கொண்டுபோகாமல், ஒன்றோடொன்று சேர்த்து, அந்தச் சேர்க்கையை நடு ஸ்பீக்கரின் பிளஸ் முனைக்குக் கொடுக்க வேண்டும். நடு ஸ்பீக்கரின் மைனஸ் முனை ஆம்ப்ளிஃபையரின் கறுப்புக்குத் திரும்பும். மூன்றும் 8 ஓம் என்று கொண்டு கணக்கிட்டால் ஆம்ப்ளிஃபையருக்குச் சுமை கூடுவதில்லை. குரலின் பங்கீடும் ஜெர்ஸனின் எண்களைப் போலவே, நடுவில் ஒவ்வொரு பக்கத்தையும்விட இருமடங்கு மின்னழுத்தமாக அமைகிறது. ஆனால் ஒரு விலை உண்டு: இரண்டு சேனலுக்கும் பொதுவான குரலும் கீழ்ச்சுரங்களும், இரண்டுக்கும் வேறுபட்ட ஒலிகளோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ 5 டெசிபெல் குறைந்துவிடுகின்றன. எதிரொலியும் பின்னணி வயலின்களும் மேலெழுந்து, பாடகர் ஓரடி பின்வாங்கியதுபோல் இருக்கும். ஸ்பீக்கரின் ஓம் அளவு அதிர்வெண்ணுக்கு ஏற்ப ஏறி இறங்குவதால் இந்த எண்களும் ஓரளவுக்கே பொருந்தும். சோதனைக்கு நல்லது, நிரந்தர ஏற்பாடாக நான் பரிந்துரைக்கமாட்டேன்.

இந்த முறையில் ஆபத்து எங்கே இருக்கிறது என்பதை எனக்கு நேர்ந்ததிலிருந்து சொல்கிறேன். நடு ஸ்பீக்கரின் மைனஸ் வயரை எந்தக் கறுப்பில் கொடுப்பது என்ற குழப்பத்தில், இரண்டு கறுப்பு டெர்மினல்களும் உள்ளே ஒன்றுதானே என்று எண்ணி, ஒரு சிறு செம்புக் கம்பியால் அவற்றை இணைத்தேன். அது கிளாஸ் டி வகை ஆம்ப்ளிஃபையர் பலகை; அதில் ஒவ்வொரு சேனலின் கறுப்பு முனையும் தனித்தனியாக இயக்கப்படும் வெளியீடு, தரை இணைப்பு அல்ல. பாட்டைத் தொடங்கி வால்யூமை ஏற்றியதும் ஐசி சூடேறி, ஒலி நின்றது. பிறகு அது திரும்பவில்லை. மின்சாரத்தை அணைத்துவிட்டு, மல்டிமீட்டரை வைத்து இரண்டு கறுப்பு டெர்மினல்களுக்கு இடையிலும், கறுப்பு டெர்மினலுக்கும் ஆர்சிஏ உள்ளீட்டின் வெளி வளையத்துக்கும் இடையிலும் அளந்து பாருங்கள். இரண்டு இடத்திலும் ஏறத்தாழ சுழி ஓம் காட்டினால்தான் பொதுத் தரை இருக்கிறது என்று பொருள். இல்லையென்றால் இந்த இணைப்பைத் தொடவே வேண்டாம். இரண்டு சிவப்பு டெர்மினல்களை ஒன்றாகச் சேர்ப்பது எந்த ஆம்ப்ளிஃபையரிலும் கூடாது என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அப்படிக் கூட்டித்தான் நடுவுக்கு எடுக்க வேண்டும் என்று நம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இனி, வைக்கும் முறை. மூன்று ஸ்பீக்கரும் ஒரே மாடலாக இருப்பது உங்களுக்கு வாய்த்த நல்ல தொடக்கம். குரல் இடமிருந்து வலம் நகரும்போது அதன் நிறம் மாறாமல் இருக்க இதைவிட எளிய வழி இல்லை. திரைப்படத்துக்காக விற்கும் படுக்கை வடிவ நடு ஸ்பீக்கர்களில் இரண்டு வூஃபர்கள் (கீழ் ஒலிகளுக்கான பெரிய கூம்புகள்) பக்கவாட்டில் இருப்பதால், நடுவை விட்டு விலகி உட்கார்ந்தவருக்கு குரலின் சில பகுதிகள் அழிந்து கேட்கும். விலகி உட்கார்பவருக்காகத்தான் நடு ஸ்பீக்கர் வைக்கிறோம் என்பதால், அது முதலுக்கே மோசம். மூன்றையும் நிமிர்த்தியே வையுங்கள்; ட்வீட்டர்கள் (உச்ச ஒலிகளுக்கான சிறிய பகுதிகள்) ஒரே உயரத்தில் இருக்கட்டும். நடுவில் டிவி இருக்கிற கூடத்தில் இது கடினம்தான். டிவிக்குக் கீழே வைத்தே ஆக வேண்டுமென்றால், ஸ்பீக்கரைக் காதை நோக்கிச் சற்று நிமிர்த்திச் சாய்த்து வையுங்கள்.

தூரக் கணக்கை அலட்சியம் செய்யாதீர்கள். நம் ஊர்க் கூடங்களில் 45 பாகை வைக்க வேண்டுமானால் கேட்கும் தொலைவைக் குறைக்க வேண்டியிருக்கும், 2.2 மீட்டர் தொலைவில் அமர்ந்தால் பக்க ஸ்பீக்கர்களுக்கு இடையே 3.1 மீட்டர் போதும். அப்போது மூன்றையும் ஒரே சுவரோரம் நேர்கோட்டில் வைத்தால், நடு ஸ்பீக்கர் மற்ற இரண்டையும்விட 64 சென்டிமீட்டர் உங்களுக்கு அருகில் வந்துவிடும். அதன் ஒலி 1.9 மில்லி நொடி முந்தும். முந்துகிற ஒலியைத்தான் காது நம்பும் என்று மேலே சொன்னது இங்கே உங்களுக்கு எதிராகத் திரும்பும். எல்லாமே நடுவில் ஒட்டிக்கொள்ளும். நடு ஸ்பீக்கரைப் பின்னுக்குத் தள்ள முடியாவிட்டால், ரிசீவரின் அமைப்பில் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் உள்ள உண்மையான தூரத்தை டேப்பால் அளந்து எழுதுங்கள். அது தாமதத்தைச் சரிசெய்துவிடும். மென்பொருளிலும் அந்த 1.9 மில்லி நொடியை நடு சேனலுக்குக் கொடுக்கலாம். மூன்று ஸ்பீக்கர் ஏற்பாட்டைக் குறைசொல்லும் பலருடைய வீட்டில், பங்கீட்டுக்கு அடுத்து இந்தத் தாமதம்தான் விடுபட்டிருக்கிறது.

ஒலி அளவைச் சரிசெய்ய, ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் தனித்தனியாக ஒரே அளவு பிங்க் நாய்ஸை ஒலிக்கவிட்டு, கைபேசியில் இருக்கும் ஒலி அளவு மீட்டர் செயலியால் ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். செயலி காட்டும் எண் துல்லியமாக இல்லாவிட்டாலும், மூன்றுக்கும் ஒரே எண் காட்டும்படி வைப்பதற்கு அது உதவும்.

எல்லாப் பதிவுகளுக்கும் இது ஒரே பலனைத் தராது. கச்சேரி, வாத்தியக் குழு, நடுவில் குரல் வைத்த திரைப்பாடல் ஆகியவற்றில் ஆதாயம் அதிகம். அறுபதுகளின் மேற்கத்திய பாப் பதிவுகள் சிலவற்றில் குரலை முழுதாக ஒரு பக்கத்திலும் வாத்தியங்களை மறுபக்கத்திலும் வைத்திருப்பார்கள். அங்கே நடு ஸ்பீக்கர் அந்த இரண்டு கரைகளுக்கும் இடையே ஒரு பாலமாக நிற்கும், ஆனால் நடுக்குரலுக்குக் கிடைக்கும் தெளிவை அங்கே எதிர்பார்க்க முடியாது. ஐம்பதுகள், அறுபதுகளின் தமிழ்த் திரைப்பாடல்கள் மோனோ. அவற்றை நடு ஸ்பீக்கரில் மட்டும் கேளுங்கள். இரண்டு ஸ்பீக்கரில் கேட்கும்போது 2 கிலோஹெர்ட்ஸ் பகுதியில் விழுந்த பள்ளம் நீங்கி, குரல் ஒரே இடத்தில் திடமாக நிற்பதைக் கேட்பீர்கள். ஒரு ஸ்பீக்கருக்கென்று கலக்கப்பட்ட பாட்டை ஒரு ஸ்பீக்கரில் கேட்பதே அதற்குச் செய்யும் நியாயம்.

நிஜமாகவே மூன்று சேனலில் கேட்க ஆசைப்படுபவர்களுக்கும் வழி இருக்கிறது. மெர்க்குரியின் லிவிங் ப்ரெசன்ஸ், ஆர்சிஏ இசைத்தட்டு நிறுவனத்தின் லிவிங் ஸ்டீரியோ வரிசைகளின் பழைய மூன்று தட டேப்புகள் 2004இலிருந்து எஸ்ஏசிடியாக (பல சேனல் ஒலியையும் கொள்ளும் ஒருவகைக் குறுந்தட்டு) வெளிவந்தன. அவற்றின் பல சேனல் அடுக்கில் இடது, நடு, வலது மட்டுமே ஒலிக்கும். பின்பக்க ஸ்பீக்கர்கள் அமைதியாக இருக்கும். இவற்றைக் கேட்கும்போது எந்தப் பங்கீட்டு முறையும் வேண்டாம். மூன்று தடமும் நேராக மூன்று ஸ்பீக்கருக்குப் போகட்டும். உங்கள் ஏற்பாடு சரியாக இருக்கிறதா என்று பார்க்க இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியாது. அதே பதிவின் இரண்டு சேனல் அடுக்கை ஜெர்ஸன் பங்கீட்டில் ஒலிக்கவிட்டு, உடனே மூன்று சேனல் அடுக்குக்கு மாற்றிக் கேளுங்கள். வாத்தியங்கள் பெரும்பாலும் அதே இடங்களில் நின்றால் எண்களையும் தூரங்களையும் சரியாக எழுதியிருக்கிறீர்கள். மேடை சட்டென்று அகன்றால் நடு ஸ்பீக்கரின் அளவு கூடுதலாக இருக்கிறது. ஒரு டெசிபெல் குறைத்துவிட்டு மீண்டும் கேளுங்கள்.

ஒருவர் மட்டும், எப்போதும் நடுநாற்காலியில் அமர்ந்து, 30 பாகையில் வைத்த இரண்டு நல்ல ஸ்பீக்கர்களில் கேட்பவராக இருந்தால், இத்தனை பாடுபடத் தேவையில்லை; அந்த இரண்டையும் நன்றாக அமைப்பதே அவருக்குப் போதும். உங்கள் கூடத்தில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து கேட்பார்கள் என்றால், முதலில் ரிசீவரிலோ கணினியிலோ தொடங்குங்கள், வயர் இணைப்பில் தொடங்காதீர்கள். பங்கீட்டை வைத்து, தூரங்களை எழுதி, அளவைச் சரிசெய்தபின், சோஃபாவின் ஓரத்தில் போய் உட்கார்ந்து, நன்கு தெரிந்த குரல் ஒன்றைப் போடுங்கள். பாடகர் இன்னும் நடுவிலேயே நின்று பாடினால் மூன்றாவது ஸ்பீக்கர் தன் வேலையைச் செய்கிறது.